இடப்பக்க அலமாரி

அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து எந்தப் பொருளும் நேராகக் குப்பைக்குப் போகாது. முதலில் அந்தப் பலகைக்குப் போகும். கம்பி ஒடிந்த குடை, மூடி தொலைந்த டப்பா, ஒற்றைச் செருப்பு, போன வருஷத்துக் காலண்டர். எல்லாவற்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் இரண்டு தேதிகள்: வைத்த நாள், தூக்கிப் போட வேண்டிய நாள். இரண்டுக்கும் நடுவே சரியாக எண்பது நாள்.

"என்னைக்காவது எனக்கும் சீட்டு ஒட்டிடுவா," என்பார் மாமா. அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். "எண்பதாவது நாள் வந்து தெருமுனையில தேடுங்க."

"உங்களுக்கெல்லாம் எண்பது பத்தாது," என்பார் அத்தை.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்த் தகராறில் ஒரு தாளில் கண்டபடி எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாள். மாமா அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். அத்தை தாளைப் பிடுங்கி, தேதி போட்டு, பலகையில் வைத்துவிட்டார். எண்பதாவது நாள் எடுத்துப் படித்தார். "இப்ப பேசல," என்று கிழித்துப் போட்டார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு லேசாகக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அது அவருடைய வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம் என்று தெரியாது.

அத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். வார்டு பெருக்குவதில்லை, மாடி துடைப்பதில்லை. அவருக்கென்று ஒரே ஓர் அறை. தரைக்கு அடியில், வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, ஈயத் தகடு வைத்த ஒரு கதவு. அதைத் திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். அத்தை இடுப்பால் ஒரு இடி இடிப்பார், திறந்துவிடும். உள்ளே இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள். அவற்றில் மஞ்சள் பைகள், வாய் கட்டி, சீட்டு ஒட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

தைராய்டு புற்றுநோய் வந்தவர்களுக்கு ஓர் அயோடின் மருந்து கொடுப்பார்கள். கதிர்வீச்சு உள்ள அயோடின். அதைக் குடித்தவர் சில நாள் தனி அறையில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் குடித்த கோப்பை, முகம் துடைத்த தாள், தலையணை உறை எல்லாமே கதிர்வீச்சுக் கழிவு. அதை எரிக்கவோ கழுவிவிடவோ முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: காத்திருப்பது. எட்டு நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். எட்டுப் பத்து எண்பது. எண்பது நாள் கழித்து மீட்டரைப் பைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, வெறும் அறையில் காட்டும் அளவையே காட்டினால், பை சாதாரணக் குப்பையோடு போய்விடும்.

மீட்டர் டிக் டிக் என்று சத்தம் போடும். அதைத்தான் அத்தை 'பேசுது' என்பார். புதுப் பை வளவளவென்று பேசும். நாள் ஆக ஆகக் குரல் இறங்கும். எண்பதாவது நாள் வாயை மூடிக்கொள்ளும். லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை அத்தையை 'எண்பது அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு உதவியாளர் இடம் காலி என்று வந்து சொன்னதே அத்தைதான். போன வருஷம் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அத்தை எடுக்கிற ஒவ்வொரு அளவுக்கும் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

முதல் நாள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே புரியவில்லை. அக்கா என்றால் சிரிப்பு வந்தது, அத்தை என்றால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அந்தக் குழப்பமே இல்லை. யாராவது இருந்தால், "மேடம், மூட்டைக்கு சைன் போடுங்க" என்பார். யாரும் இல்லையென்றால், "ஏய் டிகிரி, பேனாவைத் திற" என்பார்.

நான் சேர்ந்து சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் இன்னொரு மருந்து வந்தது. லுட்டீசியம் என்று பெயர். வேறு ஒரு வகைப் புற்றுநோய்க்கு ஊசி வழியாக ஏற்றுவது. அது ஏறக்குறைய ஆறே முக்கால் நாளில் பாதியாகிவிடும். அதாவது அறுபத்தேழு நாள் போதும். அதன் பைகளை அத்தை இடப்பக்க அலமாரியில் தனியாக அடுக்கினார். அவற்றுக்கும் எண்பது நாளே எழுதினார். "கூடப் பதிமூணு நாள் இருந்தா என்ன, சோறா கேக்கப் போகுது?" என்றார்.

அந்த அலமாரியின் முதல் பைக்கு எண் இருநூற்றுப் பதினாலு. எண்பத்தோராவது நாள் அத்தை மீட்டரைப் பிடித்தார். அறையின் இயல்பு அளவு நிமிஷத்துக்கு நாற்பது, ஐம்பது டிக். இந்தப் பை முந்நூற்றுப் பத்து காட்டியது.

"மேடம்," என்று கூப்பிட்டார். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. "இது இன்னும் பேசுது."

நான் மேஜைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். பையைக் கட்டிய அன்று எடுத்த அளவு சீட்டில் இருந்தது. அதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். எண்பத்தோரு நாளில் எதுவும் மிஞ்சக் கூடாது. இரண்டு முறை போட்டேன். கல்லூரியில் இந்தக் கணக்கில் எனக்கு முழு மதிப்பெண். ஆகவே பை, சீட்டு சொல்வதைவிட இளையது. ஆகவே சீட்டு தப்பு. வேறொரு பையின் சீட்டை இதில் ஒட்டியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னேன். அவரை எல்லோரும் சார் என்போம். மோசமானவர் இல்லை, ஆனால் ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஆடிட் அடுத்த மாதம் இருந்தது.

"அறிக்கை எழுதிடும்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியா விடக் கூடாது."

'பணியாளர் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கலாம்' என்று எழுதினேன்.

"இருக்கலாம்னா என்னம்மா? ஒட்டினாங்களா, இல்லையா?"

"கணக்குப்படி அப்படித்தான் சார் வருது."

"அப்ப அப்படியே எழுது."

திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணியாளர் என்று எழுதும்போது அத்தையின் முகம் மனசில் வரவே இல்லை. இன்றுவரை எனக்குப் புரியாத இடம் அதுதான். எனக்குப் பணியாளர் என்று இருந்தது ஒரே ஓர் ஆள். அதே அடுத்த மாதம்தான், ஆடிட் முடிந்த கையோடு, பதினோரு வருஷக் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்க நேர்காணல் வைத்திருந்தார்கள். யாருடைய பேரில் மெமோ இருக்கிறதோ அவர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படி எழுதினேன்? நேர்மை என்று நினைத்தேனா? சொந்தக்காரியைக் காப்பாற்றினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேனா? இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: கணக்கு அழகாக முடிந்திருந்தது.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது, அதன் கீழ்ப்பாதியில் என் அறிக்கையின் நகலோடு. அத்தை அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இதுல கீழ இருக்கறது உன் கையெழுத்து மாதிரி இருக்கு."

"என்னோடதுதான் அத்தை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தாளை விரித்து மறுபடி பார்த்தார்.

"நான் மாத்தி ஒட்டுனேனா?"

"கணக்கு அப்படி வருது."

"எனக்கு ஞாபகம் இல்லையே. ஒட்டறப்ப நம்பரை வாய்விட்டுச் சொல்லித்தான் ஒட்டுவேன்." தாளை மறுபடி நாலாக மடித்தார். "சரி, நீ படிச்ச பிள்ள. சும்மாவா எழுதுவே."

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு அத்தை மாறிப்போனார். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தாராம். வாசலைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தாராம். "பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டையே நம்ப மாட்டேங்கறா," என்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, சிரிக்காமல், "ஆபீஸ்ல என்னம்மா நடந்துச்சு? கேட்டா, எனக்கு மறதி வந்துடுச்சுங்கறா," என்றார். அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

இருநூற்றுப் பதினைந்தும் பேசியது. இருநூற்றுப் பதினேழும். சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை சீட்டைத்தான் மாத்தி ஒட்டியிருக்கு அந்தம்மா?" நானும் அதையேதான் யோசித்தேன். அத்தைக்கு நிஜமாகவே மறதியோ, கண் சரியாகத் தெரியவில்லையோ, டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்றெல்லாம் யோசித்தேன். கணக்கைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அத்தை என்னைக் கீழே கூப்பிட்டார். இடுப்பால் கதவை இடித்துத் திறந்தார்.

"ஏய் டிகிரி. எனக்கு ஒண்ணு புரியல. நீ கோவப்படாம கேளு."

"நான் ஏன் அத்தை கோவப்படப் போறேன்?"

"வலப்பக்கம் அயோடின் மூட்டை. அதுல இந்த மாசம் ஒம்பது வெளிய போச்சு. ஒண்ணுகூட பேசல. பேசறதெல்லாம் இடப்பக்கம்தான். நான் சீட்டு மாத்தி ஒட்டறவளா இருந்தா ரெண்டு பக்கமும்தானே ஒட்டுவேன்? இடப்பக்கம் வந்தா மட்டும் எனக்குக் கண்ணு அவிஞ்சா போகுது?"

நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொண்ணு." இருநூற்றுப் பதினாலாவது பையின் சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலால் எண்கள். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று நாலு. முந்நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. "தினம் பாத்தேன். குரல் இறங்கவே இல்ல. பதினெட்டு நாளாச்சு. நீ சொல்ற மாதிரி இது சின்ன வயசு மூட்டையா இருந்தா, இதுக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்கணும்?"

மனக்கணக்காகவே போட முடிந்தது. ஆறே முக்கால் நாளுக்குப் பாதி. முந்நூற்றுப் பத்து, நூறுக்கும் கீழே வந்திருக்க வேண்டும்.

"நான் மறதிக்காரி ஆயிட்டேனோன்னுதான் தினம் எழுதி வச்சேன்," என்றார். "எழுதி வச்சதுக்கு அப்புறம் இன்னும் குழப்பமாயிடுச்சு."

நான் அந்தப் பையை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். மீதி நேரமெல்லாம் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே போனேன். மருந்துப் பெட்டியோடு ஒவ்வொரு முறையும் ஒரு மடித்த தாள் வரும். பூச்சிப்பூச்சியாக எழுத்து. ஒரு ஃபைலில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தோம், கோத்ததே நான்தான். உட்கார்ந்து முதல் தாளிலிருந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. மருந்தைத் தயாரிக்கும்போது லுட்டீசியத்தின் இன்னொரு வடிவமும் கடுகளவுக்கும் குறைவாக அதில் சேர்ந்துவிடும். நோயாளிக்கு அதனால் ஒன்றுமில்லை. கழிவைக் கையாள்பவர்கள் கவனிக்கவும். அது பாதியாக நூற்று அறுபது நாள் ஆகும்.

ஆறே முக்கால் நாள் சரக்கு செத்து அடங்கிய பிறகு, இந்தத் துளி மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தை சீட்டைச் சரியாகத்தான் ஒட்டியிருந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

"உன் கணக்கு தப்புன்னு எழுதப் போறியா?"

"கணக்கு சரிதான் சார். அது இந்தப் பையோட கணக்கு இல்ல."

"அது இருக்கட்டும். நூத்தறுபதைப் பத்தால பெருக்கு. நாலு வருஷத்துக்கு மேல வருது. நாலு வருஷம் வச்சிருக்க நம்ம ரூமுக்கு அனுமதியே இல்லம்மா. சீட்டுத் தப்புன்னா ஒரு மெமோவோட முடிஞ்சிடும். இதை எழுதினா ஆஸ்பத்திரி மேலயே கேள்வி வரும். என் மேல, உன் மேல." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியல, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்தம்மா உனக்குச் சொந்தம்னு வேற சொல்றாங்க."

"ஆமா சார். அத்தை."

"சொந்தத்துக்காக மாத்தி எழுதறேன்னு சொல்லுவாங்க."

இதையேதான் முதலிலும் பயந்தேன். பயந்து ஒரு தப்பை எழுதினேன். இப்போது சரியானதை எழுதினாலும் அதே பழி வரும் என்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவது? வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு போய் எழுதினேன். 'எனது அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது தவறு. பையை மறுபடி அளந்து பார்க்காமல் எழுதினேன். பணியாளர் பதினெட்டு நாள் அளந்து எழுதிய குறிப்பை இத்துடன் இணைத்துள்ளேன்.' சீட்டின் பின்பக்கத்தை நகல் எடுத்து, மருந்துத் தாளோடு சேர்த்துக் கொடுத்தேன். சார் வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. மருந்துத் தாளின் அந்த வரிக்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டு அனுப்பினார்.

ஆடிட்டுக்கு வந்த பெண், பெட்டி மாதிரி ஒரு கருவி கொண்டுவந்தார். அது எவ்வளவு என்று மட்டும் சொல்லாது, எது என்றும் சொல்லும். பையின் மேல் வைத்த இரண்டு நிமிஷத்தில் திரையில் கோடுகள் எழும்பின. "அதேதான்," என்றார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே இருந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்காது," என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

மெமோவை ரத்து செய்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அடுத்த நாள் நேர்காணல். தேர்வானவர்கள் பட்டியலில் அத்தையின் பெயர் வந்தது, கடைசிக்கு முந்தினதாக. என் தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள்.

"மெமோ பத்திக் கேட்டாங்களா அத்தை?"

"எதுவும் கேக்கல. பி.பி. இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். போங்கன்னுட்டாங்க."

ஆக, என் கடிதம் அவரைக் காப்பாற்றியதா, நான் எழுதிய இரண்டையுமே நேர்காணலில் யாரும் படிக்கவில்லையா என்பது தெரியவில்லை.

இடப்பக்கப் பைகளை ஈய உறை போட்ட டிரம்களுக்கு மாற்றச் சொன்னார்கள். சிறப்பு அனுமதி வரும்வரை அங்கேயே இருக்கும். அத்தை ஒவ்வொரு டிரம்முக்கும் புதுச் சீட்டு எழுதினார். திறக்க வேண்டிய நாள்: ஆயிரத்து அறுநூறு நாள் தள்ளி. தேதியை நான் கணக்குப் போட்டுச் சொல்ல, அவர் எழுதினார். கடைசிச் சீட்டில் பேனா நின்றது.

"அன்னிக்கு நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். யாரு வந்து கேப்பாங்க, இது பேசுதா இல்லையான்னு?"

"நான் இருப்பேன் அத்தை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு தடவை அளந்து பாரு," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பர்மனென்ட் ஆனதற்கு மாமா வாசலில் புதுப் பூட்டு ஒன்று மாட்டியிருந்தார். அதைத் திறக்க அவருக்கே பத்து நிமிஷம் ஆனது. செருப்பை விடும்போது படிக்குக் கீழே பார்த்தேன். குடைக்கும் காலண்டருக்கும் நடுவில், நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பு வழியாக என் கையெழுத்தின் வால் தெரிந்தது. சீட்டு ஒட்டியிருந்தது. வைத்த நாள் எழுதியிருந்தது. தூக்கிப் போட வேண்டிய நாள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இதுக்குத் தேதி போடலயே அத்தை?"

அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டார். கோபமா, கேலியா என்று அந்த முகத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"எந்தச் சரக்குன்னு தெரியலையே," என்றார். "அப்பப்ப எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லணும். நீ உள்ள வா, சாப்பாடு ஆறுது."